வீட்டில் பேசும் மொழி

ஸ்டெல்லா அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்தார்.

மற்ற பெற்றோர்கள் காகிதம் கைக்கு வந்ததும் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றுதான் தேடுவார்கள். ஸ்டெல்லா நர்ஸ். மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற பழக்கத்தில், ஒவ்வொரு வரிக்குக் கீழும் பேனா முனையை வைத்து, உதடு அசையப் படித்தார். துபாய் தேராவில் ஒரு கிளினிக்கில் டியூட்டி முடித்து நேரே வந்திருந்தார். யூனிஃபார்மின் மேல் ஒரு கறுப்பு ஸ்வெட்டர். கையில் சானிடைசர் வாசனை.

பக்கத்து நாற்காலியில் அவர் மகள் ஷைனி, எட்டாம் வகுப்பு. யூனிஃபார்மில்தான் வந்திருந்தாள். பையை மட்டும் கொண்டு வரவில்லை. பை இல்லாத தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளுடைய வகுப்பாசிரியை. டிசி வாங்குகிற பிள்ளையின் விவரங்களைப் பெற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், வகுப்பாசிரியை சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஏசி வழக்கம்போல எலும்பு வரை குளிர்ந்தது. எனக்கு வேர்த்தது.

காகிதத்தில் ஏழாவது வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேனா முனை அப்போது நான்காவது வரியில் இருந்தது.

டேட்டா டீச்சர்

இங்கே அரசுப் பள்ளிகள் உண்டு. அவை பெரும்பாலும் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைகளுக்கு வாய்த்தவை இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகள். அவற்றிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் இருக்கிறது. நான் வேலை பார்த்தது, பெயரைச் சொன்னால் “அது எங்க இருக்கு?” என்று பர் துபாய்க்காரர்களே கேட்கிற பள்ளி. நர்ஸுகள், டெக்னீஷியன்கள், கடைக் கணக்கர்கள், டிரைவர்கள், என்னைப் போன்ற டீச்சர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கும் இடம். ஆறு முதல் எட்டு வரை மிடில் பிரிவு. அதில் நான் கணக்கு டீச்சர்.

கணக்கு டீச்சர் என்றால் எக்செல் தெரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. அதனால் மிடில் பிரிவின் டேட்டா என் தலையில் விழுந்தது. யார் எந்த நாடு, வீட்டில் என்ன மொழி, இங்கே வந்து எத்தனை வருஷம், எந்தப் பாடத்தில் எந்த நிலை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, வட்டமாகவும் கோடாகவும் வண்ணம் அடித்துக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வுக்குழு முதலில் கேட்பது அதைத்தான். எந்தக் குழுப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள்தான் அதைப் பார்த்துப் பயந்தோம்.

விவரங்களைப் பிள்ளைகளே கம்ப்யூட்டர் பீரியடில் நிரப்புவார்கள். நான் வரிசைகளுக்குப் பின்னால் நடந்து பார்ப்பேன். அந்த வருஷம் ஷைனி ஒரு விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பிக்கொண்டிருந்தாள். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் ஒரு நீளப் பட்டியல் விரியும். அராபி, ஆங்கிலம், இந்தி என்று இறங்கிக்கொண்டே போனாள்.

“டீச்சர், தமிழ் கடைசில கிடக்கு” என்றாள்.

மற்ற பிள்ளைகளுக்கு நான் ‘மேம்’. அவளுக்கு மட்டும் கடைசிவரை ‘டீச்சர்’. தமிழைக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானே பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஆறு வருஷம் போனில் வளர்ந்தவள்

ஷைனி எங்களிடம் வந்தது ஏழாம் வகுப்பில். கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊர். அம்மா இங்கே நர்ஸ், அப்பாவுக்கு ஜெபல் அலி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. குடும்ப விசா அமையாமல் இழுத்துக்கொண்டே போனதில் பிள்ளை சித்தி வீட்டில் வளர்ந்தாள். தமிழ் மீடியம். இங்கே வந்து சேர்ந்தபோது கணக்கு நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம் அழித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவாள். பரீட்சையில் அழிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

முதல் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைச் சொல்ல நான் தயங்கினேன். ஸ்டெல்லா மதிப்பெண் பற்றியே பேசவில்லை.

“ஆறு வருசம் எனக்க பிள்ளய போன்லயே வளத்தேன் டீச்சர். இப்பந்தான் நானே தலை பின்னி விடுதேன். மார்க்கு மெதுவா வரட்டும். இவ இங்க இருந்தா போரும்.”

மகளின் பின்னலை எடுத்து எனக்குக் காட்டவும் செய்தார். ஷைனி வெட்கப்பட்டுக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது எங்களிடம் கவிதா என்று ஒரு துணை ஆசிரியை இருந்தாள். மதுரைப் பக்கம். முந்தைய ஆய்வில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பரிகாரமாக எடுத்த ஆள்தான் இவள். வாரத்துக்கு மூன்று பீரியட், லைப்ரரிக்குப் பின்னால் உள்ள அறையில், கணக்கையும் அறிவியலையும் தமிழில் விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் எழுத வைப்பாள்.

ஷைனிக்கு மைனஸ் எண் ஏறவே இல்லை. நான் ஒரு மாதம் முயன்று தோற்ற இடம் அது. கவிதா அவளிடம் கடல் எவ்வளவு ஆழம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். “பாகம்னு சொல்லுவாவ. அப்பா கை ரெண்டையும் விரிச்சு அளப்பாவ” என்றாளாம் இவள். தண்ணி மட்டம் சைபர், கீழே மூன்று பாகம் என்றால் மைனஸ் மூன்று. அவ்வளவுதான். அடுத்த தேர்வில் அந்தக் கணக்குகளை எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். இருபது வருஷ அனுபவம் என்று நான் சொல்லிக்கொள்வதெல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் சுருங்கிப்போனது.

பிள்ளை ஏறிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான். ஆனால் ஏறிக்கொண்டிருந்தாள்.

குட்டைக் கோடு

ஷைனி எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம், ஆய்வுக்கு முன்னால் ஒரு ஸ்டாஃப் மீட்டிங். மிடில் பிரிவு சூப்பர்வைசர் ரேணு மேம் நான் போட்ட படத்தையே திரையில் போட்டார். கொல்லத்துக்காரர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மொழிவாரியாகக் கணக்குப் பாடத்தில் எந்தக் குழு எங்கே நிற்கிறது என்று வரிசையாகக் கோடுகள். மலையாளம் நெடுநெடுவென்று நின்றது. இந்தி, உருது, அராபி எல்லாம் ஓரளவு. தமிழ் மட்டும் குட்டையாக, அடியில்.

“கணக்கு உங்க ஆளுங்க ஏரியான்னு சொல்வாங்களே” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அறிவியல் சார். எல்லோரும் சிரித்தார்கள். விஷமில்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் காது சுட்டது.

அந்தக் கோடு ஏன் குட்டை என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வகை. சென்னை, கோயம்புத்தூர், திருச்சியிலிருந்து வந்த, ஆபீஸ் வேலைக்காரர்களின் பிள்ளைகள் ஒரு வகை. கடலோரத்திலிருந்து வந்த நர்ஸுகள், டெக்னீஷியன்களின் பிள்ளைகள் இன்னொரு வகை. வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் முதல் வகை ஆங்கிலம் என்று போட்டது. இரண்டாம் வகை தமிழ் என்று போட்டது. ஆகவே திரையில் ஆங்கிலக் கோடு நெடிதாக நின்றது. அதில் பாதிப்பேர் தமிழர்கள்தான், என் ஊர்க்காரர்கள்.

என் மகனுக்கு அட்மிஷன் ஃபாரம் நிரப்பிய நாள் ஞாபகம் வருகிறது. ஆங்கிலம் என்று எழுதியது நான்தான். “நாம வீட்ல இங்கிலீஷா பேசறோம்?” என்று என் கணவர் கேட்டார். “அவன் நம்மகிட்ட பதில் சொல்றது இங்கிலீஷ்லதானே” என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் அதற்காக எழுதவில்லை. அப்படி எழுதினால் நல்ல செக்ஷன் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

பதினொரு பெயர்கள்

மீட்டிங் முடிந்து டேட்டாவை இறுதி செய்ய உட்கார்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனிக் கோடாகக் காட்ட வேண்டாம், ‘மற்றவை’யில் சேர்த்துவிடலாம். தமிழ்க் குழுவில் பத்தொன்பது பேர். பத்துப் பேரை மாற்றினாலே போதும். எதற்கும் இருக்கட்டும் என்று பதினொரு பேரை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அந்தக் கீழ் வரிசையிலேயே மிகக் கீழே இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கிளிக். ஷைனி ஏழாவதோ எட்டாவதோ.

யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. பள்ளியைக் குறை சொல்ல இதில் எனக்கு இடமே இல்லை. தமிழ் என்ற பெயர் திரையில் அடியில் கிடக்கக் கூடாது, மலையாளிகள் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. என் மகன் ஆங்கிலம் என்றால் இந்தப் பிள்ளைகளும் ஆங்கிலமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். தமிழ்ப் பற்று என்றுகூட நினைத்தேன். இப்போது அந்த வார்த்தையை எழுதவே கூசுகிறது.

கோடு மறைந்தது. ஆய்வுக்குழு வந்தது, பார்த்தது, மொழிக் குழுக்களுக்கு இடையே பெரிய இடைவெளி இல்லை என்று எழுதிவிட்டுப் போனது. ரேணு மேம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். கேக் வெட்டினோம்.

எந்தக் குழுவுக்கு?

ஜனவரியில் கவிதா அழுதுகொண்டு வந்தாள். அவளை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். லைப்ரரிக்குப் பின்னால் உள்ள அறையில் ஸ்போர்ட்ஸ் சாமான்களை அடுக்கிவிட்டார்கள்.

நான் ரேணு மேமிடம் ஓடினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் தேறவில்லை, கவிதாவை மார்ச் வரை விடுங்கள் என்று கெஞ்சினேன்.

“எந்தக் குழுவுக்கு?” என்றார் ரேணு மேம். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். “அப்படி ஒரு குழு இப்போ இல்லைன்னு நீங்கதானே காட்டினீங்க. இல்லாத குழுவுக்கு நான் எப்படி ஆள் போட முடியும்?”

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அறிக்கை வெளிவந்துவிட்டது. டேட்டாவைத் திருத்தியது நான் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும், மகனின் படிப்பு பாதியில் நிற்கும். எல்லாம் உண்மையான பயங்கள்தான். பயந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மதிய இடைவேளையில் நானே அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தேன். எனக்கு ஆறு செக்ஷன், அதற்கு மேல் டேட்டா. நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் மீட்டிங். பிறகு அதுவும் விட்டுப்போனது. ஷைனி சில நாள் டிபன் பாக்ஸோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். “இன்னைக்கு உண்டா டீச்சர்?” என்று கேட்பாள். இன்று முடியாது என்பேன். போய்விடுவாள். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

மார்ச் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் தோற்றுப்போனாள்.

எங்களைப் போன்ற பள்ளிகளில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர் பதிவு. பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று வாசலில் பேனர் தொங்க வேண்டும். அதனால் எட்டிலேயே களை எடுப்பார்கள். டிசி வாங்கிக்கொண்டு போனால் பாஸ் என்று எழுதித் தருவோம், இங்கேயே இருப்பதானால் ஃபெயில் என்பார்கள். ஃபெயில் என்று எழுதிய பிள்ளையை வேறு பள்ளி எதுவும் சேர்க்காது. பாஸ் என்று எழுதினாலும் இங்குள்ள பள்ளிகளின் ஆங்கில நுழைவுத் தேர்வை ஷைனியால் தாண்ட முடியாது. மிச்சம் ஊர்தான்.

முடிவு எடுக்கும் கூட்டத்தில் ஷைனியின் பெயர் வந்தபோது ரேணு மேம் திரையைப் பார்த்தார். “தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளையாச்சே. வீட்டு மொழி ஆங்கிலம் இல்லாதவர்களின் பட்டியலில் இருந்தால் இரண்டு வருஷம் சலுகை உண்டு, ஒன்பதுக்கு அனுப்பிவிடலாமே” என்று தானாகவே சொன்னார். அவர் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்.

“இல்லை. வீட்டு மொழி ஆங்கிலம்னு இருக்கு. பட்டியலில் வரமாட்டாள்” என்றவர் என்னிடம் திரும்பினார். “உங்க வகுப்புதானே? இது சரிதானா?”

“சரிதான், மேம்” என்றேன்.

இரண்டே வார்த்தை. ஜனவரியில் சும்மா இருந்ததற்குப் பயம் என்று பெயர் சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏழாவது வரி

ஆபீஸில் பேனா முனை ஏழாவது வரிக்கு வந்து நின்றது.

“இங்கிலீஷா?” என்றார் ஸ்டெல்லா. காகிதத்தைக் கிளார்க்கிடம் திருப்பிக் காட்டினார். “இதாரு போட்டது? எங்க வீட்ல இவளுக்க அப்பாவுக்கு இங்கிலீஷே தெரியாதே.”

கிளார்க் தலையைத் தூக்கவில்லை. “ஸ்டூடண்ட்ஸ்தான் ஃபில் பண்ணுவாங்க மேடம். அவங்க போட்டதுதான் அப்படியே வரும்.”

ஸ்டெல்லா மகளைப் பார்த்தார். ஷைனி என்னைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். யார் மாற்றியது என்று தெரியாது, ஆனால் தான் போட்டது தமிழ் என்று தெரியும். நான் பின்னால் நின்று அதைப் பார்த்தேன் என்றும் தெரியும். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். அந்த முகத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. டீச்சருக்குத் தெரியும், டீச்சர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

“சின்னப் பிள்ளைங்கதானே” என்றேன். “அவசரத்துல சில சமயம் மாத்தி அமுக்கிடுவாங்க.”

ஸ்டெல்லா பேனாவைக் கீழே வைத்தார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“நம்ம பாஷைய எழுத உனக்கு வெக்கமா இருந்துதா மக்களே?” என்று கேட்டார் ஸ்டெல்லா. கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “மத்த பிள்ளிய சிரிச்சிதுவளா?”

ஷைனி என் மேலிருந்து கண்ணை எடுத்தாள். மடியைப் பார்த்துக்கொண்டாள்.

“இல்லம்மா. தெரியாம அமுக்கிட்டேன்.”

ஸ்டெல்லா அவள் பின்னலை எடுத்து முன்னால் போட்டு, அவிழ்ந்துகிடந்த ரிப்பனை இறுக்கிக் கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் விமானம். நாகர்கோவிலில் சிஸ்டர்கள் நடத்தும் ஹாஸ்டலில் இடம் பேசியாகிவிட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேச விடுவார்கள் என்று உள்ளே வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்.

பிறகு மிச்ச வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார்.

“மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். பிள்ள செஞ்ச தப்பு” என்றார்.

“பரவாயில்லங்க” என்றேன். என் கையெழுத்தைப் போட்டேன்.